சேமப்படைப் பிரிவைத் தளவாடப் பணிக்கு ஆயத்தப்படுத்துவது எப்படி?

வெளியில் வேறு வேலை பார்த்துக்கொண்டு, அழைத்தால் வந்து சேரும் வீரர்களைக் கொண்டது சேமப்படை. படைக்கு வேண்டிய சரக்கையும் தண்ணீரையும் எரிபொருளையும் கொண்டுசேர்ப்பது தளவாடப் பணி. சேமப்படையின் போக்குவரத்துப் பிரிவையோ வழங்கல் பிரிவையோ பொறுப்பேற்கும் அதிகாரியிடம் முதல் நாளில் மூன்று பொருள்கள் ஒப்படைக்கப்படும்: ஒரு பெயர்ப்பட்டியல், ஒரு வாகனப் பட்டியல், ஒரு கிடங்கின் சாவிக்கொத்து. இவற்றில் எதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பட்டியலில் நூறு ஓட்டுநர்கள் இருக்கலாம். அழைப்பாணை போன மூன்றாம் நாள் வாசலில் வந்து நிற்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் கனரக உரிமம் காலாவதியாகாமல் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர், அவர்கள் ஏறி அமரும் லாரிகளில் சாவியைத் திருப்பியதும் உறுமுபவை எத்தனை என்பது வேறு கணக்கு. ஏட்டுச் சுரைக்காயைக் கறிக்கு ஆகும் சுரைக்காயாக மாற்றும் வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பொறுப்பேற்கும் அதிகாரிக்காகவே இது எழுதப்பட்டிருந்தாலும், அந்தப் பிரிவை நம்பித் திட்டம் தீட்டும் முழுநேரப் படை அதிகாரிக்கும் இது பயன்படும்.

இந்தப் பணி ஏன் சேமப்படையிடம் வருகிறது

அமைதிக் காலத்தில் ஒரு தரைப்படைக்குத் தேவைப்படும் லாரிகளும் துறைமுகப் பணியாளர்களும் நீர் சுத்திகரிப்புக் குழுக்களும் மிகக் குறைவு. பாசறைக்குக் குழாயில் தண்ணீர் வருகிறது. சாப்பாட்டுச் சாமான்களை ஒப்பந்தக்காரர் வாசலில் இறக்கிவிட்டுப் போகிறார். போர் தொடங்கியதும் அந்தத் தேவை பல மடங்காகிறது. அந்தப் பல மடங்குக்கு ஆண்டு முழுவதும் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்க எந்த நிதி அமைச்சகமும் எளிதில் ஒப்புக்கொள்ளாது. மேலும், தளவாடப் பணிக்கு வேண்டிய திறன்கள் பீரங்கி இயக்குவதைப் போலப் படைக்குள் மட்டும் கற்கக்கூடியவை அல்ல. கனரக வாகனம் ஓட்டுதல், கிரேன் இயக்குதல், டீசல் எஞ்சினைப் பிரித்துக் கோத்தல், கிடங்குக் கணக்கு எழுதுதல் ஆகியவற்றை வெளியுலகில் நாள்தோறும் செய்து பிழைப்பவர்கள் ஏராளம்.

இந்த ஏற்பாட்டை மிக விரிவாகச் செயல்படுத்திய நாடு அமெரிக்கா. வியட்நாம் போருக்குப் பின், முழுநேரப் படையையும் சேமப்படையையும் ஒரே படையாகக் கருதித் திட்டமிடும் முழுப்படைக் கொள்கை 1973-இல் நடைமுறைக்கு வந்ததைத் தொடர்ந்து, தரைப்படையின் வழங்கல், போக்குவரத்து, மருத்துவப் பிரிவுகளில் பெரும்பகுதி சேமப்படையிலும், மாநிலங்களின் பகுதிநேரப் படையான நேஷனல் கார்டிலும் அமைந்தது. அப்போதைய தரைப்படைத் தலைமைத் தளபதி கிரைட்டன் ஏப்ரம்ஸின் பெயரோடு இந்த ஏற்பாடு சேர்த்துப் பேசப்படுவது வழக்கம். சேமப்படையை அழைக்காமல் நீண்ட போருக்குப் போக முடியாத நிலையை அவர் வேண்டுமென்றே உருவாக்கினாரா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் விளைவு அதுவாகத்தான் அமைந்தது. பிற நாடுகளின் ஏற்பாடு இதைவிடச் சிறியதாக இருக்கலாம். ஆனாலும், முழுநேரப் படை தன் சொந்த வண்டிகளை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை நாள் சமாளிக்கும், எந்த நாளிலிருந்து உங்கள் பிரிவு இல்லாமல் அதனால் நகர முடியாது என்ற கேள்வி எல்லா நாட்டுக்கும் பொது.

முதலில் நாட்கணக்கு

அந்த நாளைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை. ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள். முதல் பத்தியில் பணி. இரண்டாவதில் அந்தப் பணி தேவைப்படும் நாள். மூன்றாவதில் உங்கள் பிரிவு உண்மையில் அந்த இடத்தில் நின்று வேலை செய்யக்கூடிய நாள். அழைப்பாணை கையெழுத்தாகும் நாளிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். நெருக்கடி தொடங்கும் நாளிலிருந்து எண்ணாதீர்கள். இரண்டுக்கும் இடையே எவ்வளவு காலம் கழியும் என்பதை அரசியல் முடிவு செய்யும். அது உங்கள் கையில் இல்லை.

1990-இல் நடந்ததைப் பாருங்கள். ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது ஆகஸ்ட் 2. சேமப்படையினர் 2,00,000 பேர் வரை அழைப்பதற்கான ஆணையில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 22. இடைப்பட்ட இருபது நாட்களில் முழுநேரப் படைகள் சவூதி அரேபியாவில் இறங்கிக்கொண்டே இருந்தன. அவர்களுக்குத் தண்ணீரும் நிழலும் வாகனமும் அன்றன்றைக்கே வேண்டியிருந்தன. தளவாடப் பொறுப்பை ஏற்ற வில்லியம் பகோனிஸ் விரல்விட்டு எண்ணக்கூடிய அதிகாரிகளோடு அங்கே போய்ச் சேர்ந்தார். லாரி, பேருந்து, கூடாரம், சமைத்த உணவு என்று கிடைத்ததையெல்லாம் உள்ளூரிலேயே வாடகைக்கும் விலைக்கும் எடுத்து முதல் வாரங்களை ஓட்டினார். சேமப்படைப் பிரிவுகள் பின்னர் வந்து சேர்ந்து பெரும் சுமையைத் தாங்கின என்பது உண்மை. ஆனால் முதல் வாரங்களின் ஓட்டையை அடைத்தவை வாடகை வண்டிகள்.

ஆகவே, உங்கள் தாளில் இரண்டாம் பத்தியின் நாள் மூன்றாம் பத்தியின் நாளுக்கு முன்னால் விழும் இடங்களைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். துறைமுகத்தில் சரக்கு இறக்குதல், எரிபொருள் பெற்றுச் சேமித்தல், எந்த வண்டி எந்தச் சாலையில் எப்போது போக வேண்டும் என்று தீர்மானிக்கும் போக்குவரத்துக் கட்டுப்பாடு ஆகிய மூன்றும் பெரும்பாலும் இந்த வட்டத்துக்குள் வரும். படை இறங்குவதற்கு முன்பே வேண்டிய பணிகள் இவை. வட்டமிட்ட பணி ஒவ்வொன்றுக்கும் மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். முழுநேரப் படையிடம் திருப்பிக் கொடுக்கலாம், ஒப்பந்தம் செய்துவைக்கலாம், அல்லது உங்கள் பிரிவிலேயே இருபது முப்பது பேர் கொண்ட முன்னணிக் குழு ஒன்றைக் குறுகிய அறிவிப்பில் கிளம்பும்படி தனியாக வைத்திருக்கலாம். என் தேர்வு பெரும்பாலும் மூன்றாவது. முன்னணிக் குழு போய் இடத்தைப் பார்த்து, சாலையை அளந்து, இறங்குதளத்தைக் குறித்துவைத்திருந்தால், பின்னால் வரும் பிரிவு அங்கே போய்த் திகைத்து நிற்காது.

பெயர்ப்பட்டியலைச் சோதித்தல்

பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் வெளியில் என்ன வேலை செய்கிறார், யாரிடம் செய்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். இது சம்பிரதாயக் கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் இரண்டு பெரிய உண்மைகள் இதில்தான் வெளிவரும்.

முதலாவது, படைப் பதிவேட்டில் எழுதப்படாத திறன். எழுத்தர் என்று பதிவாகியுள்ளவர் வெளியில் கன்டெய்னர் முனையத்தில் சரக்கு அடுக்கத் திட்டமிடுபவராக இருப்பார்; காவல் பணிக்கு ஒதுக்கப்பட்டவர் குளிர்சாதன லாரி மெக்கானிக்காக இருப்பார். இத்தகைய திறனைத் தற்செயலுக்கு விடாமல் அமைப்பாகவே கட்டிய நாடுகள் உண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா தன் ராணுவ ரயில்வே பட்டாலியன்கள் பலவற்றைத் தனியார் ரயில் நிறுவனங்களின் துணையோடு, அந்தந்த நிறுவனத்து ஊழியர்களைக் கொண்டே அமைத்தது. இந்தியப் பிரதேச ராணுவத்தில் ரயில்வே ஊழியர்களையும் எண்ணெய்த் துறை ஊழியர்களையும் கொண்ட துறைசார் பிரிவுகள் இதே எண்ணத்தில் பிறந்தவை. பிரிட்டனில் 1996-இன் சேமப்படைச் சட்டம் இன்னொரு வழியைத் திறந்தது. டாங்கிகளை ஏற்றிச் செல்லும் பெரிய டிரெய்லர்களை ஓட்டும் ஒப்பந்த நிறுவனத்தின் ஓட்டுநர்களே சேமப்படையிலும் பதிவு பெற்றிருப்பார்கள். அமைதிக் காலத்தில் நிறுவன ஊழியராக ஓட்டும் அதே வண்டியை, அழைப்பு வந்தால் சீருடை அணிந்து ஓட்டுவார்கள். ஆளும் வண்டியும் பழக்கமும் மாறுவதில்லை.

இரண்டாவது, இரட்டைக் கணக்கு. உங்கள் பட்டியலில் உள்ள ஓட்டுநர்களில் பத்துப் பேர், நெருக்கடியில் படைக்குச் சரக்கு ஏற்றிச் செல்ல ஒப்பந்தமாகியுள்ள ஒரு போக்குவரத்து நிறுவனத்தின் ஊழியர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திட்டத்தில் அவர்கள் இரண்டு இடத்தில் எண்ணப்பட்டிருக்கிறார்கள். களத்தில் ஒரு இடத்தில்தான் இருப்பார்கள். நீங்கள் அவர்களை அழைத்தால் ஒப்பந்தக்காரரின் வண்டி நிற்கும். தீயணைப்பு வீரர், ஆம்புலன்ஸ் பணியாளர், மின்நிலையப் பொறியாளர் ஆகியோரிடமும் இதே சிக்கல் உண்டு. 2020-இன் பெருந்தொற்றில் இது வெளிச்சத்துக்கு வந்தது. மருத்துவச் சேமப்படையினரை அழைப்பது என்றால், ஏற்கெனவே ஆள் போதாமல் திணறிக்கொண்டிருந்த மருத்துவமனைகளிலிருந்தே செவிலியரையும் மருத்துவரையும் உருவுவதாக ஆகியிருக்கும். இப்படிப்பட்ட பெயர்களை ஒவ்வொன்றாகத் தனித்தாளில் எழுதி, யாருக்கு முன்னுரிமை என்பதை அமைதிக் காலத்திலேயே எழுத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். தீர்க்க முடியாத பெயர்களை உங்கள் கணக்கிலிருந்து அடித்துவிடுங்கள். பட்டியல் சுருங்கினால் பரவாயில்லை.

எத்தனை லாரி, எத்தனை ஆள்: ஒரு கணக்கு

இந்தப் பகுதியைத் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து படிப்பது நல்லது. எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை, முறைதான் முக்கியம்.

4,000 பேர் கொண்ட ஒரு பிரிகேடுக்கு நீங்கள் பொறுப்பு. குடிக்க, சமைக்க, கழுவ எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆளுக்கு நாளைக்கு 15 லிட்டர் என்றால் 60,000 லிட்டர், அதாவது 60 டன் தண்ணீர். 10,000 லிட்டர் டேங்கரில் இது ஆறு நடை. அதோடு குண்டு, உணவு, உதிரி பாகம், பீப்பாய் எண்ணெய் எல்லாம் சேர்த்து நாளைக்கு 300 டன் உலர் சரக்கு என்று கொள்வோம். 10 டன் லாரியில் முப்பது நடை. கிடங்கிலிருந்து பிரிகேடு 120 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கான்வாயின், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் வண்டித் தொடரின், சராசரி வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகாது. பழுதான பாலம், சோதனைச் சாவடி, பின்தங்கிய வண்டிக்காகக் காத்திருத்தல் எல்லாம் அதில் அடக்கம். போக 4 மணி, வர 4 மணி, ஏற்ற 2, இறக்க 2. மொத்தம் 12 மணி நேரம். ஓட்டுநரின் ஓய்வையும் வண்டியின் பராமரிப்பையும் சேர்த்தால் ஒரு லாரிக்கு நாளுக்கு ஒரு நடை.

முப்பது நடைக்கு முப்பது லாரி போதும் என்று எழுதுவதுதான் புதியவர்கள் செய்யும் பிழை. எந்த நாளிலும் எல்லா லாரியும் ஓடாது. நான்கில் ஒன்று பணிமனையில் கிடக்கும் என்று எடுத்துக்கொண்டால், 30-ஐ 0.75-ஆல் வகுக்க 40 வரும். டேங்கர் ஆறுக்கு எட்டு. ஆக 48 வண்டிகள். வண்டிக்கு இரண்டு ஓட்டுநர் வீதம் 96 பேர். இப்போது பெயர்ப்பட்டியலுக்குத் திரும்புங்கள். அழைப்பாணைக்குப் பின் உடல்தகுதி, உரிமம், குடும்பச் சூழல் எல்லாம் கழித்து நூற்றுக்கு 85 பேர் தேறுவார்கள் என்று வைத்தால், 96-ஐ 0.85-ஆல் வகுக்க 113 வருகிறது. நூறு பெயர் உள்ள பட்டியல் இந்த வேலைக்கே போதாது என்பது இங்கே தெரிகிறது. மெக்கானிக்கும் சமையல்காரரும் காவலும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.

அடுத்து, பிரிகேடு முன்னேறித் தொலைவு 240 கிலோமீட்டர் ஆகட்டும். போகவர 16 மணி, ஏற்றி இறக்க 4 மணி, ஆக 20 மணி நேரம். ஓட்டுநரின் தூக்கத்தையும் வண்டியின் பராமரிப்பையும் சேர்த்தால் ஒரு நடை இரண்டு நாள் வேலை. சரக்கு ஒரு டன் கூடக் கூடவில்லை, ஆனால் லாரிகளின் தேவை இரட்டிப்பாகிவிட்டது. வெற்றி பெற்று முன்னேறும் படை தளவாடத்தில் திணறுவதன் காரணம் இந்தப் பெருக்கலில் இருக்கிறது. 1944 ஆகஸ்ட் 25-இல் நேச நாட்டுப் படைகள் பிரான்சில் தொடங்கிய ரெட் பால் எக்ஸ்பிரஸ் என்னும் லாரிச் சேவை, நான்கே நாளில் 5,958 வண்டிகளைக் கொண்டு ஒரே நாளில் 12,342 டன் சரக்கைக் கொண்டுசேர்க்கும் நிலையை எட்டியது. ஓட்டுநர்களில் பெரும்பாலோர் கறுப்பின அமெரிக்கர்கள். அந்தச் சாதனைக்கு விலையும் உண்டு. டயர்கள் கிழிந்தன, அச்சுகள் உடைந்தன, தூக்கமின்றி ஓட்டியவர்கள் விபத்தில் சிக்கினார்கள். நவம்பர் 16-இல் சேவை முடிவுக்கு வந்தது. உச்ச அளவை நிரந்தர அளவாக எண்ணித் திட்டம் போடக் கூடாது.

இந்தக் கணக்கை உங்கள் பிரிவின் உண்மை எண்களோடு ஆண்டுக்கு ஒருமுறையேனும் மீண்டும் போட்டு, மேலிடத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள். போதாது என்ற பதில் வந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

கிடங்கைத் திறந்து பார்த்தல்

நின்ற வண்டி கெடும். ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டியே சேமப்படைக்கு அதிகத் தொல்லை தருகிறது என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான்.

கிடங்கில் வரிசையாக நிற்கும் லாரிகளில் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுங்கள். கிடங்குப் பொறுப்பாளர் கைகாட்டும் வண்டி வேண்டாம். முதலில் தரையைப் பாருங்கள்: எஞ்சினுக்குக் கீழே, சக்கர மையத்துக்குக் கீழே எண்ணெய்க் கறை உண்டா? டயரைக் கையால் தடவுங்கள். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் அழுந்தி நின்ற டயரின் அடி தட்டையாகியிருக்கும். பக்கச் சுவரில் நகத்தால் கீறியது போல மெல்லிய வெடிப்புகள் ஓடும். பேட்டரி முனையில் வெண்பச்சைப் பொருக்கு படிந்திருந்தால், சார்ஜ் செய்த தேதி என்று அட்டையில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். எரிபொருள் தொட்டியின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் வடித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். டீசலுக்குக் கீழே தண்ணீர் தனிப்படலமாக நின்றால், அந்த எல்லையில் வளரும் நுண்ணுயிர்க் கசடு வழியிலேயே வடிகட்டியை அடைக்கும். கடைசியாக, முழுச் சுமை ஏற்றி 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். காலியாக வளாகத்தைச் சுற்றிவரும் சோதனை எதையும் நிரூபிக்காது.

வண்டியோடு வர வேண்டிய சின்னச் சாமான்களைத் தனியாக எண்ணுங்கள். ஜாக்கி, சக்கர நட்டு ஸ்பேனர், சுமை கட்டும் சங்கிலி, இழுவைக் கம்பி, மாற்று ஃபியூஸ். இவை ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறி, கடைசியில் எதிலும் இல்லாமல் போகும். 1973 அக்டோபர் 6-இல் எகிப்தும் சிரியாவும் தாக்கிப் போர் மூண்டபோது, இஸ்ரேலின் சேமப்படையினர் அவசரக் கிடங்குகளுக்கு ஓடிவந்து டாங்கிகளை எடுத்தார்கள். இயந்திரத் துப்பாக்கி, தொலைநோக்கி போன்ற துணைக்கருவிகள் பலவற்றில் இல்லை. ஏற்றிச்செல்லும் டிரெய்லர்கள் போதாததால் பல டாங்கிகள் தம் சங்கிலிச் சக்கரங்களிலேயே நெடுந்தூரம் ஓடிக் களத்துக்குப் போயின. ஆட்கள் அவ்வளவு விரைவாகத் திரண்ட நாட்டிலேயே கிடங்கு பின்தங்கியது.

நீர் சுத்திகரிப்புக் கருவி உங்கள் பிரிவில் இருந்தால் அதைத் தனியாகக் கவனியுங்கள். எதிர்ச்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் இயங்கும் கருவியின் சவ்வை ஒருமுறை நனைத்துவிட்டால் உலரவிடக் கூடாது; பாதுகாப்புக் கரைசலிலேயே வைத்திருக்க வேண்டும். பயிற்சி முடிந்த களைப்பில் அதை அப்படியே மூட்டைகட்டி வைத்துவிட்டால், அடுத்த அழைப்பில் பழுதான சவ்வோடுதான் களத்துக்குப் போவீர்கள்.

கிடைக்கும் சில நாட்களில் பயிற்சி

அமெரிக்கச் சேமப்படையில் பொதுவாக மாதம் ஒரு வார இறுதியும் ஆண்டுக்கு இரண்டு வாரமும் பயிற்சி. பிரிட்டனில் சேமப்படையினர் பலருக்கு ஆண்டுக்கு 27 நாள் என்பது அளவு. இந்த நாட்களில் பாதி அணிவகுப்பிலும் கட்டாயச் சொற்பொழிவிலும் தேய்ந்துவிடும். ஆகவே, மீதியை உண்மையான வேலையில் செலவிடுங்கள். முழுநேரப் படை தன் பயிற்சிக்காகச் சரக்கை நகர்த்த வேண்டியிருக்கும்போது அந்தச் சுமையைக் கேட்டு வாங்குங்கள். காலிப் பெட்டிகளை ஏற்றி இறக்குவதில் யாரும் எதையும் கற்பதில்லை. தவறான இடத்தில் இறக்கினால் ஒரு பட்டாலியனின் இரவுச் சாப்பாடு தவறிப்போகும் என்னும்போது எல்லோரும் கற்பார்கள்.

வெளியுலகத் திறனுக்கும் படைத் திறனுக்கும் உள்ள இடைவெளி எது என்று பார்த்து, அதையே பயிற்சியில் நிரப்புங்கள். நெடுஞ்சாலையில் இருபது ஆண்டு லாரி ஓட்டியவருக்கு ஓட்டக் கற்றுத்தர வேண்டாம். முகப்பு விளக்கின்றி இரவில் ஓட்டுதல், குறித்த இடைவெளியில் கான்வாயாகச் செல்லுதல், நின்றுபோன வண்டியைச் சில நிமிடங்களில் கட்டி இழுத்தல், வானொலியில் சுருக்கமாகப் பேசுதல், தாக்குதலுக்கு உள்ளானால் என்ன செய்வது ஆகியவை அவருக்குப் புதியவை.

இவற்றில் கடைசியை ஒத்திப்போடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. நாம் பின்னணியில்தானே இருக்கப்போகிறோம் என்ற நினைப்பு அதற்குக் காரணம். பென்சில்வேனியாவின் கிரீன்ஸ்பர்க்கைச் சேர்ந்த 14-ஆவது குவார்ட்டர்மாஸ்டர் (வழங்கல்) பிரிவு 69 பேர் கொண்ட சேமப்படை நீர் சுத்திகரிப்புக் குழு. அது சவூதி அரேபியாவின் தஹ்ரானில் போய் இறங்கி ஆறு நாள்தான் ஆகியிருந்தது. 1991 பிப்ரவரி 25 இரவு, தங்குமிடமாக மாற்றப்பட்டிருந்த கிடங்கின் மீது ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்தது. இறந்த 28 பேரில் 13 பேர் இந்த ஒரு பிரிவைச் சேர்ந்தவர்கள். போர்முனையிலிருந்து வெகு தொலைவில் இருந்த இடம் அது. இதைச் சொல்வது அச்சுறுத்துவதற்காக அல்ல; ஆட்களை ஒரே கூரையின் கீழ் படுக்கவைக்காமல் பிரித்துத் தங்கவைப்பது, காயமடைந்தவருக்கு முதலுதவி செய்வது, வண்டியைச் சுற்றிக் காவல் போடுவது ஆகியவை வழங்கல் பிரிவுக்கும் அடிப்படைப் பயிற்சிதான் என்பதற்காகவே.

கருவிகளின் வயதும் இதில் சேரும். புதிய வண்டி முழுநேரப் படைக்கும், கழித்த வண்டி சேமப்படைக்கும் போவது பல நாடுகளில் வழக்கம். 2004 அக்டோபரில் ஈராக்கில் அமெரிக்கச் சேமப்படையின் ஒரு குவார்ட்டர்மாஸ்டர் கம்பெனியைச் சேர்ந்த சிலர், தங்கள் வண்டிகளுக்குக் கவசம் இல்லை, ஏற்றச்சொன்ன எரிபொருளும் மாசடைந்தது என்று கூறி, கான்வாயில் செல்ல மறுத்தார்கள். கீழ்ப்படியாமை பற்றிய விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் குறைகளைப் புறப்படும் காலையில் கண்டுபிடிப்பதும் அமைதிக் காலத்துத் தணிக்கையில் கண்டுபிடிப்பதும் ஒன்றல்ல.

அழைப்பாணை நாள்

இந்தப் பகுதி சலிப்பூட்டுவது, அதனாலேயே புறக்கணிக்கப்படுவது. வேலைகொடுப்பவருக்கு அனுப்பும் அறிவிப்பு, திரும்பியதும் வேலையைத் திரும்பப் பெறும் உரிமை பற்றிய விவரம், சம்பளக் கணக்கு, வாரிசுப் படிவம், தடுப்பூசி அட்டை, ஓட்டுநர் உரிமத்தின் காலாவதித் தேதி ஆகியவற்றை ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பில் வைத்து, ஆண்டுக்கு இருமுறை புரட்டிப் பாருங்கள். பல்லையும் மறவாதீர்கள். சொத்தைப் பல்லால் களத்துக்கு அனுப்ப முடியாமல் போன சேமப்படையினர் சென்ற போர்களில் ஏராளம். அமைதிக் காலத்தில் பல் மருத்துவரிடம் போகச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. எச்சரிக்கை கொடுக்காமல் ஒரு வார நாளின் மாலையில் தொலைபேசியில் எல்லோரையும் அழைத்துப் பாருங்கள். எத்தனை எண்கள் மாறிப்போயிருக்கின்றன என்பது அன்றைக்குத் தெரியும்.

முழுநேரப் படையோடு ஒட்டவைத்தல்

உங்கள் பிரிவு எந்தப் பிரிகேடுக்கு வேலை செய்யும் என்பது முன்கூட்டியே தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அந்தப் பிரிகேடின் வழங்கல் அதிகாரியோடு ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரே மேசையில் உட்காருங்கள். அவர்கள் எந்தப் படிவத்தில் கோரிக்கை எழுதுகிறார்கள், எந்தக் கணினி முறையில் இருப்பைப் பதிகிறார்கள், அவர்களின் வானொலி உங்கள் வானொலியோடு பேசுமா என்ற மூன்றையும் நேரில் சோதியுங்கள். உங்கள் ஆட்களில் பேசத் தெரிந்த ஒருவரைத் தொடர்பு அதிகாரியாக முதல் நாளிலிருந்தே அங்கே அமர்த்துங்கள். நல்ல ஆளை விட்டுக்கொடுக்க மனம் வராது. இருந்தாலும் நல்ல ஆளையே அனுப்புங்கள்.

சரக்கின் மேல் ஒட்டும் சீட்டு இன்னொரு முக்கியச் செய்தி. 1990-91 வளைகுடாப் போருக்கு ஏறக்குறைய 40,000 கன்டெய்னர்கள் அனுப்பப்பட்டன. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றைத் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. தேடியது கிடைக்காதபோது அதையே மீண்டும் கோருவார்கள். மீண்டும் கோரியது வந்து குவியலை இன்னும் பெருக்கும். ஆகவே, ஏற்றுகிற இடத்திலேயே கன்டெய்னரின் கதவுக்கு வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இரண்டு பட்டியல் ஒட்டுங்கள். மூன்றாவது பிரதியைக் கான்வாய்த் தலைவர் சட்டைப்பையில் வைத்திருக்கட்டும். மின்னணுக் கண்காணிப்பு இருந்தாலும் இதைக் கைவிட வேண்டாம். மின்சாரமும் இணைப்பும் இல்லாத இடத்தில் தாள்தான் பேசும்.

மாற்று அணியும் திரும்புதலும்

சேமப்படையைச் சட்டம் அனுமதிக்கும் காலத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. 1990-இன் அமெரிக்க ஆணைப்படி 90 நாள், தேவைப்பட்டால் மேலும் 90 நாள். போர் நீளும் என்று தெரிந்தபோது 1991 ஜனவரியில் சேமப்படையினரை இன்னும் நீண்ட காலம் பணியில் வைக்க வழிசெய்யும் பகுதி அணிதிரட்டலுக்குத் தனி ஆணை போட வேண்டியிருந்தது. எனவே, உங்கள் பிரிவு களத்தில் இறங்கும் நாளிலேயே அதை மாற்றப்போகும் பிரிவின் பெயரும் திட்டத்தில் இருக்க வேண்டும். இரண்டு பிரிவுகளும் ஒன்றாக ஓடும் காலம் குறைந்தது பத்து நாளாவது இருக்கட்டும். எந்தப் பாலம் பலவீனமானது, எந்தத் திருப்பத்தில் நீண்ட டிரெய்லர் மாட்டும் என்பதை வரைபடத்தில் கற்க முடியாது. பழைய ஓட்டுநரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துதான் கற்க வேண்டும்.

சண்டை முடிந்ததும் காலாட்படை முதலில் வீடு திரும்பும். தளவாடப் பிரிவு கடைசிவரை இருக்கும். மிஞ்சிய குண்டுகளைத் திரும்ப எண்ணி அடுக்குவது, வண்டிகளைக் கழுவுவது, கப்பலில் ஏற்றுவது எல்லாம் அதன் தலையில்தான் விழும். இதை ஆட்களிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். முன்பே தெரிந்தால் மனக்கசப்பு குறையும்.

ஊர் திரும்பியதும், ஆட்களைக் கலைப்பதற்கு முன் இரண்டு நாளை வண்டிகளுக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு வண்டியையும் ஓட்டிவந்த ஓட்டுநரே அதன் அட்டையில் எழுதட்டும்: எந்தக் கியரில் சத்தம் வருகிறது, எந்த டயரை மாற்ற வேண்டும், எந்த ஸ்பேனர் தொலைந்தது. அவர் வீட்டுக்குப் போய்விட்டால் அந்த விவரம் அவரோடு போய்விடும். அட்டையின் கடைசி வரியில், அந்த வண்டியை அடுத்து எந்தத் தேதியில் கிளப்பிப் பார்ப்பது என்பதையும், அதைச் செய்யப்போகிறவரின் பெயரையும் எழுதிக் கையெழுத்து வாங்கிய பின் கிடங்கைப் பூட்டுங்கள்.